‘ஃபார்மேட் பண்ணிரலாம் தம்பி!’ - வள்ளியூர் லேப்டாப் சொல்லும் லினக்ஸ் பாடம்

‘‘அண்ணே, லேப்டாப் செத்துட்டு!’’

ராத்திரி ஒன்பது மணிக்கு வள்ளியூரிலிருந்து சித்தி பையன் போன். கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க இன்னும் நாலே நாள். மொத்தமும் அந்தப் பழைய லேப்டாப்புக்குள்ளதான் இருக்கு. பேட்டரி எப்பவோ போயிட்டதால, சார்ஜரைக் குத்திவெச்சேதான் ஓட்டுவான். அன்னைக்கு கரன்ட் போச்சு. திரும்ப வந்ததும் ஆன் பண்ணினா, கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையா இங்கிலீஷ் எழுத்து. அதுக்கு மேல ஒண்ணும் நகரல.

‘‘கடையில காட்டுனேன்ணே. ‘லினக்ஸா? அதெல்லாம் நமக்கு எதுக்கு தம்பி? ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தாரேன்’னு சொல்லுதாங்க. குடுத்துரவா?’’

‘குடுத்துராதே!’ன்னு நான் கத்தினதுக்கு ஒரு பழைய காரணம் இருக்கு. காலேஜ் படிச்சப்போ என் லேப்டாப்பும் இப்படித்தான் ஒருநாள் மக்கர் பண்ணுச்சு. வேறொரு ஊர்ல, வேறொரு கடையில குடுத்தேன். ஒரு மணி நேரத்துல புதுசு மாதிரி ஆக்கிக் குடுத்தாங்க. ஆச்சி எங்ககூட இருந்த கடைசிப் பொங்கல் போட்டோக்கள் மட்டும் அதுல இல்லை. இன்னைக்குவரைக்கும் இல்லை. அந்த மெஷின்ல உண்மையிலேயே என்ன கோளாறுன்னு அந்தக் கடையும் பார்க்கல, நானும் கேட்கல.

அதனால தம்பிகிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னேன். ‘‘எதையும் அமுக்காதே. ஸ்க்ரீனை அப்படியே ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பு.’’

பதில் திரையிலேயே இருந்தது!

போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தா, கோளாறு என்னன்னு மெஷினே எழுதி வெச்சிருந்தது. ‘இந்த டிஸ்க் பகுதியில் எதிர்பாராத முரண்பாடு இருக்கு. எஃப்-எஸ்-சி-கே-வை நீயே கையால் ஓட்டு’. எந்தப் பகுதின்னு பேர்கூடப் போட்டிருந்தது.

இது லினக்ஸ்ல ரொம்ப சாதாரணமா வர்ற சிக்கல். மளிகைக்கடை அண்ணாச்சி கணக்கு நோட்டுல எழுதிட்டிருக்கும்போது பேனாவைப் பிடுங்கினா எப்படி இருக்கும்? பாதி வரி எழுதியிருப்பார், கூட்டல் இடிக்கும். எந்த ஃபைல் டிஸ்க்ல எங்க இருக்குன்னு கம்ப்யூட்டரும் ஒரு கணக்கு வெச்சிருக்கு. எழுதிட்டிருக்கும்போது கரன்ட் போனா, அந்தக் கணக்கு இடிக்கும். எஃப்-எஸ்-சி-கே என்பது அந்தக் கணக்கைத் திரும்பச் சரிபார்க்கிற கருவி. நோட்டுல ஒரு வரி தப்புங்கிறதுக்காகக் கடையையே இடிச்சுக் கட்டுறதுதான் ஃபார்மேட்!

ஆனாலும் அவசரப்படல. பக்கத்து வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, ஒரு பென்டிரைவ்ல லினக்ஸ் மின்ட் ஏத்தச் சொன்னேன். அதிலிருந்தே லேப்டாப்பை ஆன் பண்ணினான். உள்ளே இருந்த ப்ராஜெக்ட் ஃபோல்டர் தெரிஞ்சது. முதல்ல அதை வேற பென்டிரைவ்ல காப்பி எடுத்தான். அப்புறம்தான் ரிப்பேர். கட்டளையைக் குடுத்து, கேட்ட கேள்விக்கெல்லாம் ‘யெஸ்’ சொல்லி, ரீ-ஸ்டார்ட் பண்ணினான். ரிப்பேர் மட்டும் பத்து நிமிஷம்கூட ஆகல. லேப்டாப் பிழைச்சுட்டு.

இப்போ ஏன் இந்தக் கதை?

ஏன்னா, தம்பி மாதிரி லினக்ஸ் பக்கம் வர்றவங்க இப்போ அதிகம். விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோட நிறுத்திடுச்சு. தனியா பதிவு பண்ணிக்கிட்ட வீட்டு கம்ப்யூட்டர்களுக்கும் கூடுதலா ஒரு வருஷம்தான். சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம்னா, டிபிஎம் 2.0 வேணும், ஓரளவு புது ப்ராசஸர் வேணும்னு அது கண்டிஷன் போடுது. நல்லா ஓடிட்டிருக்கிற எத்தனையோ பழைய லேப்டாப்கள் அந்தக் கண்டிஷன்லயே அவுட்!

தமிழ்நாட்டுல இது இன்னும் பெரிய விஷயம். 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்கள் கைக்குப் போயிருக்கு. அதுல பல லேப்டாப்கள்ல விண்டோஸோட ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது ஞாபகம் இருக்கா? மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது. ஆனா, எங்க செட்டுல அதைத் திறந்து பார்த்தவங்களே கம்மி. ‘இது எதுக்குடா இடத்தை அடைக்குது?’ன்னு அழிச்சவங்கதான் ஜாஸ்தி. ‘பாஸ்’னு பேர் வெச்சும் யாரும் மதிக்கல!

இப்போ ரெண்டாவது ரவுண்டு. 2026 ஜனவரியில் ‘உலகம் உங்கள் கையில்’ திட்டத்துல கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் தர ஆரம்பிச்சாங்க. முதல் கட்ட இலக்கு 10 லட்சம். இதிலும் விண்டோஸ் 11-ஓட பாஸ் லினக்ஸும் இருக்கு. இந்தத் தடவையும் அதே கதைதானா?

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம்

வள்ளியூர்ல பஸ் ஏறி, ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், மார்த்தாண்டம் தாண்டிக் களியக்காவிளை போனா, அதுக்கு அந்தப் பக்கம் கேரளா. அங்கே 2000-களின் நடுப்பகுதியிலிருந்தே அரசுப் பள்ளிகள்ல கம்ப்யூட்டர் பாடம் லினக்ஸ்லதான். ‘கைட்’ங்கிற அரசு நிறுவனம் பள்ளிகளுக்குன்னே உபுண்டு அடிப்படையில தனி லினக்ஸ் தயாரிச்சுக் குடுக்குது.

நம்ம பிள்ளைங்களைவிட அவங்க ஒண்ணும் எக்ஸ்ட்ரா புத்திசாலி இல்லை. வித்தியாசம் வேற இடத்துல இருக்கு. அங்கே ஆசிரியர்களுக்கு முதல்ல பயிற்சி குடுத்தாங்க. 2018-ல ‘லிட்டில் கைட்ஸ்’னு மாணவர் கிளப்பே ஆரம்பிச்சாங்க. ஸ்கூல்ல ஒரு கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினா, பார்க்கிறதுக்கு பக்கத்து கிளாஸ்லயே ஒரு பையனோ பொண்ணோ இருப்பாங்க.

நம்ம கிட்ட லினக்ஸ் வரலாறு இல்லாம இல்லை. எல்காட் நிறுவனமே உமாசங்கர் ஐ.ஏ.எஸ் பொறுப்பில் இருந்த காலத்துல லினக்ஸுக்கு மாறியிருக்கு. 2012-லிருந்து ‘கணியம்’ இதழ் தமிழ்லயே லினக்ஸ் சொல்லிக் குடுக்குது. ஆனா, நாம லேப்டாப்பைக் கையில குடுத்தோம். சிக்கல் வந்தா யார்கிட்ட கேட்கிறதுன்னு சொல்லல. தெரிஞ்ச ஒரே ஆள் கடைக்காரர். அவருக்குத் தெரிஞ்ச வேகமான வைத்தியம் ஃபார்மேட். ஒரு மெஷின் முன்னாடி ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து கோளாறைத் தேடினா, அதுக்குக் காசு குடுக்க நாமளும் தயாரா இல்லையே! அவரை மட்டும் குறை சொல்லி என்ன?

ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. நீங்க இதைப் படிச்சிட்டிருக்கிறது ஆண்ட்ராய்டு போன்லன்னா, அதுக்குள்ள ஓடுறதும் லினக்ஸ் கெர்னல்தான். உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பர்லிருந்து லினக்ஸ்லதான் ஓடுது. ‘லினக்ஸ் கஷ்டம்’ங்கிறதுல பாதி, ‘பக்கத்துல ஆள் இல்லை’ங்கிறதுதான்.

புதுசா வந்தவங்களை மிரட்டும் 6 சிக்கல்கள்

தம்பிக்கும் அவன் நண்பர்களுக்கும் வந்த சந்தேகங்களிலிருந்து அடிக்கடி வர்றதை மட்டும் சொல்றேன்.

1. வைஃபையே காட்டலை: சில வைஃபை சிப்களுக்கு டிரைவரைத் தனியாப் போடணும். அதுக்கு நெட் வேணும், நெட்டுக்கு வைஃபை வேணும்! பயப்படாதீங்க. போனை யூஎஸ்பி கேபிள்ல மாட்டி, ‘யூஎஸ்பி டெதரிங்’ ஆன் பண்ணுங்க. பெரும்பாலும் உடனே நெட் வந்துரும். அப்புறம் மின்ட்ல ‘டிரைவர் மேனேஜர்’, உபுண்டுல ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ திறந்தா, பொருத்தமான டிரைவர் இருந்தா அதுவே காட்டும்.

2. பாஸ்வேர்டு டைப் ஆகலை: பல லினக்ஸ்கள்ல டெர்மினல்ல பாஸ்வேர்டு அடிக்கும்போது புள்ளிகூட வராது. கீபோர்டு கெட்டுப்போகல. பக்கத்துல இருக்கிறவங்களுக்கு எத்தனை எழுத்துன்னுகூடத் தெரியக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. அடிச்சிட்டு என்டர் தட்டுங்க, போதும்.

3. ‘லாக் கிடைக்கலை’ன்னு இன்ஸ்டால் நிக்குது: பின்னணியில வேற அப்டேட் ஓடிட்டிருக்குன்னு அர்த்தம். பத்து நிமிஷம் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. யாரோ சொன்னாங்கன்னு அந்த லாக் ஃபைலை அழிச்சிடாதீங்க. பாதியில நிக்கிற அப்டேட், இல்லாத சிக்கலையெல்லாம் கூட்டிட்டு வரும்.

4. கடிகாரம் தப்பு: விண்டோஸ், லினக்ஸ் ரெண்டும் வெச்சிருக்கீங்களா? நேரம் சரியா அஞ்சரை மணி நேரம் இடிச்சா, அது கோளாறே இல்லை. மதர்போர்டு கடிகாரத்துல இருக்கிறது உலகப் பொது நேரம்னு லினக்ஸ் நினைக்குது, இந்திய நேரம்னு விண்டோஸ் நினைக்குது. ‘மதர்போர்டுல உள்ளூர் நேரம்தான்’னு லினக்ஸ்கிட்ட ஒரு கட்டளையில சொல்லிட்டா முடிஞ்சது. ஆனா, தேதி பல வருஷம் பின்னாடி போனா, மதர்போர்டு பேட்டரி காலியா இருக்கலாம். அப்போ பல வெப்சைட்டுகளும் ‘பாதுகாப்பு இல்லை’ன்னு மிரட்டும். நெட்டைத் திட்டாம தேதியைப் பாருங்க.

5. விண்டோஸ் டிரைவ் திறக்குது, சேவ் பண்ண முடியலை: விண்டோஸ்ல ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ ஆன்ல இருந்தா, ஷட்டவுன் பண்ணினாலும் அது முழுசாத் தூங்கப் போகாது. டிஸ்க்கைக் கையில பிடிச்சுக்கிட்டே கண்ணை மூடும். அதனால லினக்ஸ் ‘பார்க்க மட்டும்’ விடும். விண்டோஸ்ல அந்த வசதியை ஆஃப் பண்ணினா சரியாகிடும்.

6. தமிழ் ஃபைல் கிறுக்கலாத் தெரியுது: கிறுக்கல் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமா இருந்தா, அது வானவில், பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சதா இருக்கும். அந்த ஃபான்ட் இல்லாத விண்டோஸ்லயும் இதே கதிதான். யூனிகோடுக்கு மாத்திக்கோங்க. தமிழ்99 முறையில டைப் பண்ற வசதி லினக்ஸ்ல இலவசமாவே இருக்கு.

போடுறதுக்கு முன்னாடி...

பழைய லேப்டாப்ல லினக்ஸ் போடப்போறீங்கன்னா, முதல்ல பென்டிரைவ்லிருந்து ஓட்டிப் பாருங்க. 8 ஜிபி பென்டிரைவ் போதும். வைஃபை, சவுண்டு, கேமரா எல்லாம் வேலை செய்யுதான்னு இன்ஸ்டால் பண்ணாமலே தெரிஞ்சுடும். புது லேப்டாப்னா, கை வைக்கிறதுக்கு முன்னாடி விண்டோஸ் பிட்லாக்கர் ரெக்கவரி கீயைக் குறிச்சு வெச்சுக்கோங்க. மின்ட்ல ‘டைம்ஷிஃப்ட்’டை ஆன் பண்ணி வைங்க. ஒரு அப்டேட் சொதப்பினா நேத்தைய நிலைமைக்குத் திரும்பலாம். ஆனா, அது சிஸ்டத்தை மட்டும்தான் காப்பாத்தும். போட்டோவுக்கும் ப்ராஜெக்ட்டுக்கும் தனி காப்பி கட்டாயம்.

இன்னொண்ணு. இப்போ எல்லாரும் எரர் மெசேஜை ஏஐ-கிட்ட குடுத்துக் கேட்கிறோம். தப்பில்லை. ஆனா, அது தர்ற கட்டளையை அப்படியே ஒட்டி என்டர் தட்டாதீங்க. ‘இந்தக் கட்டளை என்ன செய்யும், எதையாவது அழிக்குமா?’ன்னு முதல்ல கேளுங்க. அட்மின் பாஸ்வேர்டு குடுத்துட்டா, ‘இதை அழிக்கிறது ஆபத்தாச்சே’ன்னு லினக்ஸ் பெரும்பாலும் உங்களைத் தடுக்காது.

எல்லாருக்கும் லினக்ஸ்தான்னு நான் சொல்ல மாட்டேன். டேலி கத்துக்கிறவங்களுக்கும், போட்டோஷாப்லயே தொழில் பண்றவங்களுக்கும், வேலரன்ட் ஆடுறவங்களுக்கும் விண்டோஸ்தான் தோது. கரன்ட் போகாமலேயே அந்தக் கறுப்புத் திரை திரும்பத் திரும்ப வந்தா, ஹார்டு டிஸ்க்கே போகப்போகுதுன்னு அர்த்தமா இருக்கலாம். அப்போ காப்பி எடுத்துட்டுப் புது டிஸ்க்தான் போடணும். எந்த சாஃப்ட்வேரும் காப்பாத்தாது.

ஆனா, எதுவா இருந்தாலும் ஃபார்மேட்டுக்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடி கடையில ரெண்டு கேள்வி கேளுங்க. ‘திரையில என்ன எழுதியிருக்கு? என் ஃபைலைக் காப்பி எடுத்துட்டீங்களா?’ விண்டோஸுக்கும் இதே கேள்விகள்தான். எனக்கு அன்னைக்கு இதைக் கேட்கத் தெரிஞ்சிருந்தா, ஆச்சி இன்னும் அந்த லேப்டாப்ல சிரிச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க.

தம்பி நாலாவது நாள் ரிப்போர்ட்டைக் குடுத்துட்டான். போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது அவனுக்கு ஒரு போன். அந்தப் பக்கம் யாரோ ஒரு பையன் பதறுறது எனக்கே கேட்டுச்சு. தம்பி தோசையைப் பிச்சுக்கிட்டே நிதானமா சொன்னான்.

‘‘ஏலே, எதையும் அமுக்காத. மொதல்ல ஸ்க்ரீனை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.’’