டென்னிஸ் பந்து போதாதா?

‘புதுச்சத்திரம் பக்கத்து டென்னிஸ் பந்து டோர்னமென்ட்டில் கோப்பை வாங்குகிறவன் லெதர் பந்தில் ஒரு ஓவர் தாங்க மாட்டான்’ என்கிறார் நண்பர். பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியை மறந்துவிட்டார் போலும்.

இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் ஆடியவர் அந்த ஊர் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன். அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு பந்தையும் தூக்கி அடிக்கவே பேட்ஸ்மேன் நிற்கிறான். காலடியில் இறக்கினால்தான் பவுலருக்குப் பிழைப்பு. யார்க்கர் கைக்கு வந்தது அப்படித்தான். 2020 ஐபிஎல்லில் டி வில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்ததும் அதே யார்க்கர்தான். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில், முதல் இன்னிங்ஸிலேயே மூன்று விக்கெட்.

நண்பர் சொல்வதில் பாதி உண்மை. 2015-ல் ரஞ்சியில் அறிமுகமானதுமே நடராஜனின் பந்துவீச்சு முறைமீது புகார் வந்தது. அதைத் திருத்தித்தான் மீண்டு வந்தார். திருத்தக்கூடிய குறையை, தகுதியே இல்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

கீழ்மட்ட ஆட்டத்தை வைத்து ஆளை எடைபோட்டு ஏமாறுவது அமெரிக்காவிலும் உண்டு. கல்லூரி அளவிலான அமெரிக்கக் கால்பந்திலிருந்து 2000-ல் தொழில்முறை அணிகளுக்கான தேர்வில் 199-வது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிராடி ஏழு சூப்பர் பவுல் வென்றார். 2007-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜமார்கஸ் ரஸ்ஸல் மூன்றே சீசனில் காணாமல் போனார்.

புதுச்சத்திரத்துப் பையன்களுக்கு ஒரு டர்ஃப் பிட்சும் நல்ல கோச்சும் கொடுத்துவிட்டு, அப்புறம் தீர்ப்பு எழுதுங்கள்.