ஒரு மணி என்றால் நிறுத்து

கோலார் தங்கவயலில் சுரங்கக் கூண்டுகள் ஏறி இறங்கிய காலத்தில் ஒரு விதிக்கு அப்பீலே கிடையாது. கூண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு மணி ஒலித்தால் நிறுத்த வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வளவு ஆழத்தில் என்ன நடக்கிறது என்பது மேலே வைண்டிங் என்ஜினை ஓட்டுபவருக்குத் தெரிய வழியில்லை. அதனால் அவர் காரணம் கேட்கமாட்டார். முதலில் நிறுத்துவார், விசாரணையெல்லாம் பிறகுதான்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் அந்த விதிக்கு இன்னொரு இடத்தில் வேலை இருக்கிறது: படுக்கையறையில்.

காதல் விளையாட்டில் தட்டுவதையும் அடிப்பதையும் கணவன் மனைவி இருவருமே விரும்பும் தம்பதிகள் எப்போதும் உண்டு. முன்பு இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இப்போது செல்போன் படங்கள் ஆசையைத் தூண்டுகின்றன, தோல் பட்டையும் சவுக்கும் பார்சலில் வீடு தேடி வருகின்றன. மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் குடும்பத்துக்கும் பெங்களூர்க்காரருக்கும் இதில் வித்தியாசமில்லை. மிக்சி வாங்கினால்கூட உடன் ஒரு விளக்கக் கையேடு வரும். இந்தப் பார்சலில் பெரும்பாலும் அது இருப்பதில்லை.

இது நோயா என்ற கேள்விதான் முதலில் எழும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது நெடுங்காலம் இருந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11-ஆம் பதிப்பில், வயதுவந்த இருவர் மனமொப்பிச் செய்வது கோளாறாகக் கருதப்படுவதில்லை. சம்மதிக்காதவரைத் துன்புறுத்தி இன்பம் காண்பது மட்டுமே கோளாறாக நிற்கிறது. ஆக, அடி என்பதல்ல பிரச்சினை. சம்மதம் இருக்கிறதா என்பதே பிரச்சினை.

இது மேற்கிலிருந்து வந்த வழக்கம் என்பவர்கள் வாத்ஸ்யாயனரைப் படித்ததில்லை. சுமார் கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் காமசூத்திரத்தில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. புறங்கை, சற்றே குவித்த கை, முஷ்டி, விரித்த உள்ளங்கை என அடியில் நான்கு வகை. இவற்றோடு ஆப்பு, கத்தரி, ஊசி, இடுக்கி என்ற பெயர்களில் மேலும் நான்கைச் சேர்த்துக்கொண்டவர்கள் தெற்கத்தியர்கள் என்கிறது நூல். உரைகாரர் இவற்றைக் கைவிரலை மடக்கும் விதங்களாக விளக்குகிறார். கருவிகள் என்றே மொழிபெயர்த்தவர்களும் உண்டு.

அதே இடத்தில் மூன்று விபத்துகளும் பதிவாகியுள்ளன. சோழ அரசன் ஒருவன் மார்பில் விழும் ‘ஆப்பு’ அடியால் சித்திரசேனை என்ற கணிகையைக் கொன்றான். குந்தள நாட்டு சாதகர்ணி தலையில் விழும் ‘கத்தரி’யால் தன் அரசி மலயவதியைக் கொன்றான். குந்தளம் இன்றைய கர்நாடகத்தின் வடபகுதி. கை ஊனமான நரதேவன், குறி தவறிய ‘ஊசி’யால் ஒரு நடனப் பெண்ணின் கண்ணைப் போக்கினான். அவன் பாண்டியனின் சேனாதிபதி என்கிறது உரை. மூன்றும் தென்னாட்டுக் கதைகள். மூன்றிலும் அடித்தவர் அதிகாரத்தில் இருந்த ஆண், பாதிக்கப்பட்டவர் பெண். இந்த நான்கு அடிகளும் கொடுமையானவை, பண்பற்றவை என்று வாத்ஸ்யாயனர் ஒதுக்குகிறார். உயிருக்கு ஆபத்தானது எதுவோ அது ஊர் வழக்கமாகவே இருந்தாலும் விலக்கத்தக்கது என்பது அவர் தீர்ப்பு.

ஆனால் அவரும் ஓர் இடத்தில் வழுக்குகிறார். அடிபடும் பெண் எழுப்பும் ஒலிகளைப் பட்டியலிடும்போது, ‘அம்மா’, ‘வேண்டாம்’, ‘விடு’, ‘போதும்’ என்று பொருள்படும் சொற்களையும் இன்ப முனகலோடு சேர்த்துவிடுகிறார். சித்திரசேனையும் ‘போதும்’ என்று சொல்லியிருக்கலாம். அதை முனகலாகக் கேட்டுப் பழகிய காதில் அது எச்சரிக்கையாக விழுந்திருக்காது.

இன்றைய நிபுணர்கள் இந்த ஓட்டையை அடைக்கும் வழி மிக எளிமையானது. விளையாட்டில் வாய்தவறியும் வராத ஒரு சொல்லை இருவரும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். ‘சிவப்பு’ என்றால் உடனே நிறுத்து. ‘மஞ்சள்’ என்றால் வேகத்தைக் குறை. ‘தங்கவயல்’ என்றுகூட வைத்துக்கொள்ளலாம். வாய் பேச முடியாத நிலை வரும் என்றால், கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்துவிட வேண்டும். அது கீழே விழுந்தால் ஆட்டம் நின்றது. நிறுத்தச் சொன்னவரிடம் அந்த நிமிடமே காரணம் கேட்கக்கூடாது. முகம் சுளிக்கவும் கூடாது. ஒருமுறை முகம் சுளித்தால், அடுத்த முறை அந்தச் சொல் தொண்டையிலேயே நின்றுவிடும்.

இந்த ஊர்களில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 வயதுவரை உள்ள, மணமான பெண்களில் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள் நாடு முழுவதும் 29 சதவீதம். தமிழ்நாட்டில் 38. கர்நாடகத்தில் 44. பெல்ட்டைப் பார்த்தாலே நடுங்கும் பெண்கள் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். எனவே ‘அவளுக்கும் இஷ்டம்தான்’ என்று கணவன் சொல்வது சாட்சியாகாது. மறுத்தால் சண்டை வரும், சாப்பாட்டுக்குப் பணம் கிடைக்காது, பேச்சு நின்றுபோகும் என்ற பயம் இருந்தால் அங்கே கிடைப்பது சம்மதமல்ல, பணிவு. சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இந்தப் பேச்சைப் பகலில், உடையணிந்து, காபி குடித்தபடி பேச வேண்டும். எது சரி, எது வேண்டவே வேண்டாம் என்று இருவரும் சொல்ல வேண்டும். ‘எனக்கு இதில் ஆர்வமில்லை’ என்று ஒருவர் சொன்னால் பேச்சு அங்கேயே முடிய வேண்டும். அப்படி முடிகிற வீட்டில்தான் மேலே சொல்லப்போகும் சாமான்களுக்கு இடமுண்டு.

சாமான்களில் முதல் இடம் வெறுங்கைக்கே. அடிப்பவரின் உள்ளங்கையும் சேர்ந்து வலிப்பதால் அளவு தானாகத் தெரிந்துவிடும். கையில் பழகாதவர் கருவியை எடுக்கக்கூடாது. மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றி வைப்பது அவசியம்.

கருவிகளை வாங்கும்போது ஒரு கணக்கை நினைவில் வைக்கலாம். அகலமும் மென்மையும் கூடினால் விசை பரவி ‘தொப்’பென்று விழும். மெலிவும் விறைப்பும் கூடினால் விசை ஒரே கோட்டில் குவிந்து ‘சுளீர்’ என்று இறங்கும். புதியவர்களுக்கு முதல் வகையே ஏற்றது. மெல்லிய தோலில் பல நாக்குகள் கொண்ட சவுக்கு பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் இருப்பதில் சாது. அகலமான தோல் பட்டை அதற்கடுத்த படி. மரத்தட்டை கனமானது, விசையைக் குறைத்தே பயன்படுத்த வேண்டும். பிரம்புதான் இருப்பதில் கடுமையானது. பள்ளிக்கூடத்தில் பார்த்த பொருளாயிற்றே என்று பலர் அதையே முதலில் எடுப்பதுதான் தவறு.

வீட்டில் கிடைப்பதை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பெல்ட் என்றால் பக்கிளைக் கழற்றிவிட வேண்டும். முடியாவிட்டால் அந்தப் பக்கத்தைக் கைக்குள் சுருட்டிப் பிடிக்க வேண்டும். சார்ஜர் ஒயர், ரப்பர் டியூப், மூங்கில் சிம்பு மூன்றும் கூடவே கூடாது. ஒயர் சதையைக் கிழிக்கும், மூங்கில் பிளந்து குத்தும். வாங்கிய பொருளின் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. கூரான தையல், எட்டிப் பார்க்கும் ஆணி, ஆடும் கைப்பிடி இருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். முதலில் தன் தொடையில் அடித்துப் பார்க்காத எதையும் இன்னொருவர் மேல் பயன்படுத்தக்கூடாது.

எங்கே அடிப்பது என்பதில் வாத்ஸ்யாயனரைப் பின்பற்ற முடியாது. அவர் அனுமதிக்கும் இடங்களில் தலையும் மார்பின் நடுவும் விலாவும் அடக்கம். இன்றைய மருத்துவம் மூன்றையும் விலக்குகிறது. இதயத் துடிப்பின் குறிப்பிட்ட ஒரு கணத்தில் மார்பில் விழும் ஒரே குத்து இதயத்தை நிறுத்திவிடக்கூடும். கன்னத்தில் அறையும் அறை சற்றே விலகினால் காது ஜவ்வு கிழியும். விலாவின் பின்பக்கக் கீழ்ப்பகுதியில் சிறுநீரகம் இருக்கிறது. கழுத்து, முதுகெலும்பு, வால் எலும்பு, வயிறு, மூட்டுகள், பிறப்புறுப்பு எல்லாம் விலக்கப்பட்டவை. சதைப்பற்றுள்ள பிட்டமும் மேல் தொடையின் பின்புறமும் மட்டுமே ஓரளவு பாதுகாப்பானவை.

பட்டையின் நுனிதான் மிக வேகமாக நகரும் பகுதி. அடிப்பவர் நெருங்கி நின்றால் அந்த நுனி இடுப்பைச் சுற்றிக்கொண்டு எலும்பில் போய் விழும். எனவே நுனி சதையில் முடியும் தூரத்தில் நிற்க வேண்டும். தலையணையில் குறிபார்த்துப் பழகுவது கேலிக்குரிய விஷயமல்ல. மெதுவாகத் தொடங்கி, இடைவெளி விட்டு, அவ்வப்போது கேட்டுக்கொள்ள வேண்டும். மரத்துப்போகிறது, தலை சுற்றுகிறது என்றால் ஆட்டம் முடிந்தது. மது அருந்திய இரவில் தொடங்கவே கூடாது. அடிப்பவரின் கை தவறும், அடிபடுபவருக்கு வலி தெரியாது.

ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுபவர்களுக்கு லேசான அடியிலும் ரத்தம் கட்டும். சர்க்கரை நோயாளிகளுக்குக் காயம் ஆற நாளாகும். கர்ப்ப காலத்தில் இது அறவே வேண்டாம்.

முடிந்த பிறகு திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவது பலர் செய்யும் தவறு. தண்ணீர், போர்வை, அருகில் ஒரு துணை, நாலு வார்த்தை. இவை அடியைவிட முக்கியம். அடிபட்டவருக்கு மட்டுமல்ல, அடித்தவருக்கும் மனம் கனத்துப்போவதுண்டு. வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் போதும். ரத்தக்கட்டு நிறம் மாறி ஓரிரு வாரத்தில் மறையும். சிறுநீரில் ரத்தம், மூச்சு வாங்குதல், காது கேளாமை, கூடிக்கொண்டே போகும் வலி இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். ‘மாடிப்படியில் விழுந்தேன்’ என்ற பொய் சிகிச்சையைத் திசைதிருப்பிவிடும். தோலில் ஊறிய ரத்தத்தை முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது. அந்தப் பொருளைத் தூக்கி எறிவதே நல்லது.

தங்கவயலின் லைன் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். தோல் பட்டையின் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டால், யாரோ மனைவியை அடிக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தச் சத்தம் அவர்கள் மனதில் என்னவாகப் பதியும் என்று சொல்லத் தேவையில்லை. சத்தமில்லாத மெல்லிய தோல் நாக்குகள் அங்கே பொருத்தம். பிள்ளைகள் ஊரில் இல்லாத நாள் இன்னும் பொருத்தம். அப்படியும் பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டினால் கோபப்படக்கூடாது. அவர் செய்வது சரியான காரியம். மனைவியே கதவைத் திறந்து, சிரித்து, ஒன்றுமில்லை அக்கா என்று சொல்ல முடிகிற வீடு நல்ல வீடு.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் விடுகிறது? 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-ஆம் பிரிவு, 18 வயது கடந்தவர் சம்மதித்து ஏற்கும் சிறு காயத்தைக் குற்றமாகக் கொள்வதில்லை. பொழுதுபோக்குக்காக இருவர் வாள் பயிற்சி செய்வதைச் சட்டமே உதாரணம் காட்டுகிறது. ஆனால் எலும்பு முறிந்தாலோ, பல் உடைந்தாலோ, கண்ணோ காதோ போனாலோ அது கொடுங்காயம். அப்படி நேரக்கூடும் என்று தெரிந்தே செய்தவருக்குச் சம்மதம் கேடயமாகாது. பயத்தால் தரும் சம்மதம் சம்மதமே அல்ல என்கிறது 28-ஆம் பிரிவு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறையாகவே கருதுகிறது.

நிறுத்தச் சொன்ன பிறகும் விழும் முதல் அடியோடு விளையாட்டு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் நடப்பதைப் பெண்கள் உதவி எண்ணான 181-ல் சொல்லலாம். முன்பு ஆசைப்பட்டு ஒப்புக்கொண்டவர் என்பதால் புகார் சொல்லும் உரிமை எந்தப் பெண்ணுக்கும் குறைந்துவிடுவதில்லை.