நந்தன் மேளா

மேற்கு வங்கத்துச் சாந்திநிகேதனில், தாகூர் நிறுவிய விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தின் கலைக்கல்விப் பிரிவு கலாபவனம். ஓவியர் நந்தலால் போசின் பிறந்தநாள் டிசம்பர் 3. அதையொட்டி, டிசம்பர் 1, 2 ஆகிய நாள்களில் அவ்வளாகத்தில் நந்தன் மேளா நடைபெறும். மாணவரும் ஆசிரியரும் தாம் செய்த மட்கலம், அச்சோவியம், நாட்காட்டி முதலியவற்றை எளிய விலைக்கு விற்பர். வருவாய் மாணவர் நல நிதியில் சேரும்.

விலை குறைந்தால் கலையின் மதிப்பும் குறையும் என்பர் சிலர். அக்கருத்துப் பொருந்தாது. கண்ணாடிக்குப் பின்னுள்ள ஓவியத்தைச் சிறுவன் எட்டி நின்றே காண்பான். வாங்கிய கிண்ணத்தையோ நாள்தோறும் கையில் எடுப்பான். மேடையும் ஒலிபெருக்கியுமே கலைவிழா எனக் கொள்வோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சென்னையில் பயின்றபின் கலாபவனத்தில் சேர்ந்த கே.ஜி. சுப்பிரமணியன், பின்னாளில் பரோடாப் பல்கலைக்கழகக் கலைச்சந்தைக்காகப் பொம்மைகள் செய்தார். பெருஞ்சுவர்களில் ஓவியம் தீட்டிய கைகள் அவை.