குறைந்தது நோயா, கணக்கா?

2020-21ஆம் ஆண்டில் இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்பட்ட தொழுநோயாளிகள் 65,147 பேர். முந்தைய ஆண்டில் இந்த எண்ணிக்கை 1,14,451. ஒரே ஆண்டில் ஏறத்தாழ 43 விழுக்காடு சரிவு. தொழுநோய்க் கிருமி உடலுக்குள் புகுந்து அறிகுறி காட்டவே பல ஆண்டுகள் பிடிக்கும். அத்தகைய நோய் பன்னிரண்டே மாதங்களில் பாதியளவுக்குச் சுருங்கிவிடாது. நோயாளியைத் தேடிச் சென்ற கால்கள் நின்றுபோயின, அவ்வளவே.

அந்தக் கால்கள் ஆஷா ஊழியர்களுடையவை. 2016 முதல் நடந்துவந்த கண்டறியும் இயக்கத்தில் வீடு வீடாகச் சென்று, உணர்ச்சியற்ற தேமல் யாருக்கேனும் உண்டா என்று விசாரித்தவர்கள் அவர்களே. பெருந்தொற்று வந்ததும் மாதம் 1,000 ரூபாய் கூடுதல் ஊக்கத்தொகையுடன் கொரோனாக் கணக்கெடுப்புக்குத் திருப்பிவிடப்பட்டனர். 2022இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது வழங்கியது. தொழிலாளர் என்ற தகுதியை மட்டும் ஒன்றிய அரசு வழங்கவில்லை.

தேடி வருவோர் இல்லையெனில் நோயாளி தானே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த வழியும் அடைபட்டது. தில்லி எய்ம்ஸ் 2020 மார்ச் 24 முதல் புறநோயாளிப் பிரிவை மூடியது. அதே நகரின் லோக் நாயக் மருத்துவமனை முழுமையாகக் கொரோனா மருத்துவமனையாக்கப்பட்டது. பயணிகள் ரயில்களும் ஓடவில்லை. பெம்ஃபிகஸ் என்னும் நோயில் உடலெங்கும் கொப்புளங்கள் எழுந்து உடைந்து, தோல் தீப்புண்போல் உரியும். மாதந்தோறும் வந்து மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டிய பீகார்க் கூலித் தொழிலாளி அந்நாளில் தில்லிக்கு எப்படி வந்திருக்க முடியும்? மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் சீறி எழும். புண்களில் தொற்று ஏறினால் உயிரும் போகும். தோல் நோய் ஆளைக் கொல்லாது என்ற எண்ணம் நிர்வாகங்களில் ஊறிப்போனது. நெருக்கடி வரும்போது அப்பிரிவின் படுக்கைகள் எளிதில் கைமாறுவது அதனால்தான்.

தொலைமருத்துவ நெறிமுறைகள் 2020 மார்ச்சிலேயே வந்தனவே என்று சிலர் கேட்கலாம். முகப்பருவுக்கு அது பயன்பட்டிருக்கும். தேமல் உணர்ச்சியற்றதா என்பதை அலைபேசிப் படம் சொல்லாது. பேனா முனையால் தொட்டு, 'தெரிகிறதா?' என்று கேட்டே அறிய முடியும். நரம்பு வீங்கிக் கை மடங்கத் தொடங்கிய தொழுநோயாளிக்கோ சில வேளைகளில் ஒரு நாள் தாமதம்கூட ஆகாது. உள்நோயாளியாகச் சேர்த்து ஸ்டீராய்டு தர வேண்டிவரும்.

2005 இறுதியில் தொழுநோய் ஒழிப்பு இலக்கை எட்டிவிட்டதாக அறிவித்த நாடு இது. உலகின் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இங்கேதான் இருக்கின்றனர் என்பதை அந்த அறிவிப்பு மறக்கடித்துவிட்டது.

2021-22இல் கணக்கு 75,394 ஆனது, 2022-23இல் 1,03,819. நோய் புதிதாகப் பெருகிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. விடுபட்டவர்களில் ஒரு பகுதியினர் காலம் கடந்து வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் விரல் மடங்கிய நிலையில், பாதத்தில் ஆறாத புண்ணுடன் வந்தனர் என்பதை மாவட்ட வாரியாக ஒன்றிய சுகாதார அமைச்சகம் வெளியிட வேண்டும். தறியிலும் வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்த அந்தக் கைகளுக்கு இழப்பீடு தரும் பொறுப்பும் அதற்கே உண்டு.