மாமன்னன் ஏன் நின்றுகொண்டே இருந்தார்?

மாரி செல்வராஜின் 'மாமன்னன்' 2023 ஜூனில் வெளியானதிலிருந்து ஒரு கேள்வி விடாமல் வருகிறது: "நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் சாதி ஒழிந்துவிடுமா?" ஒழியாதுதான். ஆனால் உட்காரவிடாமல் வைத்திருப்பது எதற்காக என்று இவர்கள் யாரும் கேட்பதில்லை.

வடிவேலு நடித்த மாமன்னன் தனித்தொகுதி எம்.எல்.ஏ. ஆனாலும் சொந்தக் கட்சியின் ஆதிக்க சாதிப் பிரமுகர் ரத்னவேலுவின் வீட்டில் நின்றுகொண்டேதான் பேசுகிறார். அப்பாவை உட்காரச் சொல்கிறான் மகன் அதிவீரன். சண்டை வெடிக்கிறது. அந்த நிற்றலைப் பலர் பணிவு என்றார்கள், சிலர் பயம் என்றார்கள். என் வாசிப்பில் அது பழக்கம். யாரும் அன்றைக்கு உத்தரவு போடத் தேவையில்லாத அளவுக்கு உடம்பில் ஏற்றப்பட்ட பழக்கம். வாக்குப்பெட்டியில் ஜெயித்தாலும் முழங்கால் வரைக்கும் அந்த வெற்றி இறங்கவில்லை.

அதே நிற்றல் வீட்டுக்குள் மௌனமாகிறது. கோயில் கிணற்றில் குளித்த சிறுவர்கள் கல்லால் அடித்துக் கொல்லப்பட்டபோது அப்பாவால் நீதி வாங்கித் தர முடியவில்லை. பிழைத்த மகன் ஆண்டுக்கணக்கில் அவரோடு பேசவில்லை. சாதி அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

'தேவர் மகன்' (1992) படத்தின் இசக்கியும் வடிவேலுதான். பெரிய வீட்டுப் பிள்ளை சொல்லிக் கோயில் பூட்டைத் திறந்து, கையை இழந்தவன். படம் அவன் விசுவாசத்தைக் கொண்டாடியது. அந்த இசக்கிதான் மாமன்னன் என்று மாரி செல்வராஜே மேடையில் சொன்னார்.

இதெல்லாம் சினிமா என்பவர்கள் நெய்வேலியிலிருந்து தொலைதூரம் போக வேண்டாம். இதே கடலூர் மாவட்டத்தில் தெற்குத்திட்டை ஊராட்சி இருக்கிறது. மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலித் பெண் தலைவர் தரையில் அமர்ந்திருந்த படம் 2020 அக்டோபரில் நாடு முழுக்கப் பரவியது. தேசியக் கொடி ஏற்றவும் தன்னை விடவில்லை என்றார் அவர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. பதவி சட்டம் கொடுத்தது. நாற்காலியைத் தர மறுத்தது ஊர்.

படத்தோடு எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. முடிவில் மாமன்னன் சபாநாயகர் ஆகிறார். அரங்கம் கைதட்டுகிறது. ஆனால் அந்த இருக்கையைக் கொடுப்பதும் எடுப்பதும் கட்சித் தலைமை. தெற்குத்திட்டைத் தலைவருக்கு அப்படி மேலிருந்து கைகொடுக்க யாரும் இல்லை. படம் பரவிய பிறகுதான் நிர்வாகமே அசைந்தது.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது தீர்மானங்களைக் கேட்பதற்கு முன்னால் நாற்காலிகளைப் பாருங்கள். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், தலைவர் எங்கே இருக்கிறார், யார் சுவரோரம் நிற்கிறார்கள். நிற்பவரை உட்காரச் சொல்லுங்கள். அதற்கு யாருக்குக் கோபம் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.