சாலையில் சாவது தலைவிதியா?

ராத்திரி ஷிப்டுக்குத் தூக்குப்போசியை வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பிய மில் தொழிலாளி ஆலை வாசலுக்கு வந்து சேரவில்லை. களையெடுப்பு முடிந்து மனைவியைப் பின்னால் உட்காரவைத்து மொபெட்டில் திரும்பிய விவசாயத் தொழிலாளி, விளக்கில்லாமல் ரோட்டோரம் நின்ற கரும்பு டிராக்டரின் மேல் மோதினார். மறுநாள் பத்திரிகையின் மூலையில் மூன்று வரி. அத்தோடு கதை முடிந்தது!

இப்படிப்பட்ட செய்தி வராத நாள் உண்டா? 2022ஆம் வருஷத்தில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இது மத்திய சர்க்காரே வெளியிட்ட கணக்கு. இதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் பறிபோன உயிர்கள் 17,884.

“விதி முடிந்தது” என்கிறார் ஊர்ப் பெரியவர். “அஜாக்கிரதை” என்று எழுதிக்கொள்கிறது போலீஸ். “இந்த ஜனங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை” என்று கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார் கனவான்.

தெரியவில்லையா? சரி. நாம் திருப்பிக் கேட்கிறோம்: யார் கற்றுக்கொடுத்தீர்கள்?

எட்டுப் போட்டால் போதுமா?

நம்மில் பெரும்பாலோர் வண்டி பழகியது எப்படி? அண்ணன் பின்னால் பிடித்துக்கொள்ள, காலி மைதானத்தில் இரண்டு சுற்று. பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் மெதுவாக ஓர் எட்டு. லைசென்சு கைக்கு வந்துவிடுகிறது. ஐம்பது கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது குறுக்கே லாரி திரும்பினால் என்ன செய்வது? மழையில் எப்படிப் பிரேக் பிடிப்பது? வளைவில் ஜல்லி சிதறிக் கிடந்தால்? இவற்றையெல்லாம் நடுரோட்டில், உயிரைப் பணயம் வைத்துத்தான் படிக்கிறோம்.

இது வெறும் வாய்ப்பேச்சல்ல. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் பேராசிரியர் ஹாரி ஹர்ட் குழுவினர் 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை நேரில் ஆராய்ந்து 1981இல் அறிக்கை தந்தனர். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவிகிதம் பேர் தாமாகவோ, குடும்பத்தார், நண்பர்களிடமோ வண்டி பழகியவர்கள். முறையான பயிற்சி இல்லாதவர்கள். ஆபத்தைக் கண்ட பின் தப்பிக்கக் கிடைத்த அவகாசம் இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் அவர்கள் பின் பிரேக்கை அழுத்தி மிதித்துச் சக்கரத்தைப் பூட்டிவிட்டார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை.

நம் ஊரில் மட்டும் வேறு கதையா? “முன் பிரேக் பிடித்தால் தூக்கி அடிக்கும்” என்பதுதானே நமக்குச் சொல்லப்பட்ட பாடம்? உண்மை என்ன? பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன் சக்கரத்தின் மேல் சாய்கிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் சக்தியில் பெரும் பங்கு முன் பிரேக்கில் இருக்கிறது. வெடுக்கென்று பிடித்தால்தான் அது வழுக்கும். வண்டியை நேராக வைத்து, பின் பிரேக்கோடு சேர்த்துப் படிப்படியாக இறுக்கினால் அது உயிரைக் காக்கும். ஐம்பது கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் வண்டி சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். யோசித்துப் பார்க்க அங்கே நேரமில்லை. கை தானாகச் செய்ய வேண்டும். தறியில் அறுந்த இழையை முடியும் விரலுக்கு அந்தப் பழக்கம் எப்படி வந்தது? பயிற்சியால் வந்தது. இதுவும் அப்படித்தான்.

யாருக்குப் பயிற்சி?

பயிற்சியே நாட்டில் இல்லையா? உண்டு! கோவை செட்டிபாளையத்தில் பந்தயப் பாதை இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலும் இருக்கிறது. லட்சக்கணக்கில் விலை போட்டு வண்டி வாங்கியவர்கள் அங்கே கட்டணம் கட்டி, வளைவில் சாய்வதையும் பிரேக் பிடிப்பதையும் ஆசிரியர் வைத்துப் படிக்கிறார்கள். படிக்கட்டும். நமக்குப் பொறாமையில்லை. ஆனால் அந்த மதிலுக்கு வெளியே, ஷிப்டு முடிந்து, தூக்கம் அப்பிய கண்ணோடு லாரிகளுக்கு நடுவே போகிறானே தொழிலாளி, அவனுக்கு எந்த ஆசிரியர்?

வண்டியிலும் அதே பாரபட்சம்தான். 2018-19இல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம் என்று சர்க்கார் விதி செய்தது. அதற்குக் கீழே இருப்பது யார் வண்டி? நம்முடைய வண்டி! எல்லா வண்டிக்கும் வேண்டும் என்று வரைவு வெளியிட அவர்களுக்கு 2025 வரை ஆயிற்று.

அபராதத்தில் மட்டும் சர்க்காருக்கு வெகு சுறுசுறுப்பு. ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய். ஒரு விவசாயத் தொழிலாளியின் சில நாள் கூலி. ரோட்டை ஒழுங்காகப் போடாமல் ஆளைச் சாகடித்த கான்டிராக்டருக்கு என்ன? அதே 2019ஆம் வருஷத் திருத்தச் சட்டத்தில் அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய் அபராதம். கோடிக்கணக்கில் பில் வாங்குகிறவருக்கு இது வெற்றிலை பாக்குச் செலவு!

சாலையும் ஆலையின் பகுதியே

“வீட்டிலிருந்து மில்லுக்கு வருவது உன் பாடு, அதற்கு நாங்களா பொறுப்பு?” என்பார்கள் முதலாளிகள். 2003 ஏப்ரல் 22இல், மராட்டியத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் காவலாளி அதிகாலை 3 மணி வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது, ஆலைக்கு 5 கிலோ மீட்டர் தூரத்தில் விபத்தில் மாண்டார். கமிஷனர் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு வழங்கினார். ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. 2025 ஜூலையில்தான் சுப்ரீம் கோர்ட்டு நியாயம் சொன்னது: வேலையோடு சம்பந்தம் தெளிவாக இருந்தால், வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும் வேலையில் நேர்ந்த விபத்தே. இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010இலேயே இப்படித் திருத்தம் வந்துவிட்டது. இருந்தும் இந்தக் குடும்பம் 22 வருஷம் காத்துக் கிடந்தது!

வழியில் நேரும் விபத்து ஆலை விபத்து என்றால், அதைத் தடுக்கும் பயிற்சியும் ஆலையின் கடமைதானே? மெஷினில் நிறுத்துவதற்கு முன் பழக்குகிறீர்கள். சாலையில் நிறுத்துவதற்கு முன் ஏன் பழக்கக் கூடாது?

“பயிற்சி கொடுத்தால் துணிச்சல் கூடி இன்னும் வேகமாகப் போவான்” என்று சிலர் சொல்கிறார்கள். இதிலும் ஓர் உண்மை உண்டு, மறைக்க வேண்டாம். நார்வேயில் 1979இல் கார் ஓட்டப் பழகுவோருக்கு வழுக்குத் தரைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியபோது இளைஞர்களின் விபத்து கூடியது. சாகசம் கற்றவர்களுக்குத் தைரியம் வந்தது, எச்சரிக்கை வரவில்லை. ஆகவே நாம் கேட்பது சர்க்கஸ் வித்தையல்ல. ஆபத்தை முன்கூட்டிப் பார்க்கும் கண், முன்வண்டிக்கு விடும் இடைவெளி, சந்திப்பில் வேகம் தணிக்கும் புத்தி, பிரேக் பிடிக்கும் கை: இவைதான் நாம் கேட்கும் பாடம்.

நம் வீட்டையும் பெருக்குவோம்

தோழர்களே! ஹெல்மெட்டை டாங்கின் மேல் வைத்து ஓட்டுகிறோம். ஒரு வண்டியில் மூன்று பேர் ஏறுகிறோம். தேய்ந்த டயரைப் பொங்கலுக்கு மாற்றலாம் என்று தள்ளிப்போடுகிறோம். சாராயக் கடையிலிருந்து நேரே வண்டியில் ஏறுகிறவர்களும் நம்மில் உண்டு. இதற்கெல்லாம் முதலாளி மேல் பழிபோட முடியாது. நாம் செத்தால் முதலாளிக்கு ஓர் ஆள் குறையும். மறுநாள் கேட்டில் வேறு ஆள் நிற்பான். நம் வீட்டில் அடுப்பு அணையும்.

ஆனால் பன்னிரண்டு மணி நேரம் உழைத்த உடம்புக்கு எந்தப் பயிற்சியும் விழிப்பைத் தராது. ஆகவே கோரிக்கைகளைச் சேர்த்தே வைக்கிறோம்:

வருஷத்தில் ஒரு நாள், சம்பளத்தோடு, ஆலை மைதானத்தில் வண்டிப் பயிற்சி கொடு!

ஆர்.டி.ஓ. மைதானங்களை ஞாயிறுதோறும் திறந்துவிடு. விவசாயத் தொழிலாளருக்கும் பெண்களுக்கும் இலவசமாகக் கற்றுக்கொடு!

கட்டாய ஓவர்டைமை நிறுத்து. ராத்திரி ஷிப்டுக்குப் பஸ் விடு!

டிராக்டருக்குப் பின்விளக்கு, பள்ளத்துக்கு உடனே தார். தவறிய கான்டிராக்டர் மேல் வழக்கு!

சர்க்கார் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். சங்கக் கிளைகள் வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஒரு காலி மைதானத்தில் கூடட்டும். நன்றாக ஓட்டத் தெரிந்த, நிதானமுள்ள தோழர் ஒருவர் சுண்ணாம்புக் கோடு போட்டு, இருபது கிலோ மீட்டர் வேகத்தில் பிரேக் பிடிப்பதிலிருந்து சொல்லிக்கொடுக்கட்டும். எல்லோரும் ஹெல்மெட்டோடு வரட்டும். அதே மைதானத்தில் கோரிக்கை மனுவில் கையெழுத்தும் வாங்குவோம்.

வேலைக்குப் போன தொழிலாளி வீடு திரும்ப வேண்டும். இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்போம், வாங்குவோம்!