மிதி தாழ்ந்தால் பழி டிரைவர் தலையிலா?

தோட்டங்களில் ஓடும் பழைய பிக்கப் வண்டிகளைப் பற்றி எழுதத் தொழிற்சங்கப் பத்திரிகைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அந்த வண்டியின் பின்புறத்தில் நிற்பவர் யார் என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். மரம் சீவப் போகிறவர், செம்பனைக் குலை அறுக்கப் போகிறவர், மருந்தடிக்கப் போகும் பெண்கள் ஆகியோரே! அவர்களில் இன்று பாதிப்பேர் வங்காளதேசத்தவராகவோ இந்தோனேசியராகவோ இருக்கலாம். அதனால் என்ன? குப்புறக் கவிழும் வண்டி பாஷை கேட்டுக் கவிழ்வதில்லை. ஆகவே அந்த வண்டியின் பிரேக் நம்முடைய விஷயமே.

1877ல் கோலகங்சாரில் ரப்பர் கன்று ஊன்றிய நாளிலிருந்து இந்தப் பேராக் மாநிலம் ரப்பரால் வாழ்ந்தது. இன்று சுங்கை சிப்புட்டிலும் செம்மோரிலும் ஈப்போவைச் சுற்றிலும் பழைய தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறிவிட்டன. தோட்டத்தின் சொந்த லோரியும் சொந்தப் பட்டறையும் போய், காண்டிராக்டரின் பழைய பிக்கப் வந்து நிற்கிறது. அது இருபது வருஷம் எங்கெங்கோ உழைத்துவிட்டு வந்த வண்டி.

டிரைவர் காலையில் வந்து கிராணியிடம் சொல்கிறார்: “ஐயா, பிரேக் மிதி மெத்தென்று இருக்கிறது, மிதித்துப் பிடித்தால் மெல்லக் கீழே போகிறது.” கிடைக்கும் பதில் என்ன? “இரண்டு தடவை அடித்து மிதி, வந்துவிடும். எண்ணெய் குறைந்தால் ஊற்றிக்கொள். வண்டி பழசு, அப்படித்தான் இருக்கும்.” இந்த மூன்று வாக்கியங்களுக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் வித்தியாசமே கிடையாது. பிறகு ஒருநாள் இறக்கத்தில் வண்டி நிற்காமல் காண்டாவில் விழுந்தால், “டிரைவரின் கவனக்குறைவு” என்ற நாலாவது வாக்கியம் எழுத்தில் வருகிறது. முன் சொன்ன மூன்றும் வாய்ச்சொல். நாலாவது மட்டும் கடிதம்! கவனித்தீர்களா, தோழர்களே?

இந்த மூன்று பதில்களும் பொய் என்பதை நாம் காட்டுவோம். அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை.

பிக்கப்பின் பிரேக் எண்ணெயால் வேலை செய்வது. எண்ணெய் அழுத்தினால் சுருங்காது. காலின் அழுத்தம் அப்படியே நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. ஆகவே மிதி கட்டியாக நிற்க வேண்டும். அப்படி நிற்கவில்லையென்றால், உள்ளே சுருங்கக்கூடிய ஏதோ புகுந்திருக்கிறது. அல்லது எண்ணெய் எங்கோ நழுவுகிறது. அல்லது பின்சக்கரத்துப் பிரேக் கட்டை தேய்ந்து டிரம்மை விட்டுத் தூரம் போயிருக்கிறது. எது என்பதை மிதியே சொல்லும்.

எஞ்சினை அணையுங்கள். சர்வோ உள்ள வண்டியானால் நாலைந்து முறை மிதித்து அதில் மிச்சமிருக்கும் உறிஞ்சலைத் தீருங்கள். (பழைய லேண்ட்ரோவர்கள் பலவற்றில் சர்வோவே இல்லை, அங்கே இந்த வேலை மிச்சம்.) பிறகு பாதத்தை ஒரே அழுத்தமாக வைத்து அரை நிமிடம் காத்திருங்கள். மெதுவாக அழுத்தி ஒரு முறை, பலமாக அழுத்தி ஒரு முறை. பலமாக மிதித்தால் அடைத்துக்கொள்ளும் தேய்ந்த கப்பு, மெதுவாக மிதிக்கும்போது கசிந்து காட்டிக்கொடுப்பதும் உண்டு. மிதி நின்றால் நல்லது. காலை எடுக்காமல் எஞ்சினை முடுக்கினால் மிதி சற்றே தாழ்ந்து நிற்கும். அது சர்வோ வேலை செய்வதன் அடையாளம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் பிடித்திருக்கும்போதே மிதி இறங்கிக்கொண்டே போனால், அந்த வண்டி அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

இப்போது “அடித்து மிதித்தால் வந்துவிடும்” என்பதை எடுத்துக்கொள்வோம். அடித்து மிதித்தால் மிதி மேலே வருகிறது என்பது வண்டி நன்றாக இருப்பதற்குச் சாட்சியா? அதுவே குற்றச்சாட்டு! மேலே வந்தும் பஞ்சுபோல் இருந்தால் குழாயில் காற்று இருக்கிறது. மேலே வந்து கட்டியாக நின்றால் பெரும்பாலும் பின்பிரேக் கட்டை தேய்ந்து சரிசெய்யப்படாமல் கிடக்கிறது. மேலே வந்து மறுபடி தாழ்ந்தால் எங்கோ கசிவு. மூன்றும் பட்டறை வேலை. டிரைவருடைய காலின் சாமர்த்தியத்தை வைத்து வண்டியின் நோயை மூடி மறைப்பதற்கு நிர்வாகத்துக்கு யார் உரிமை கொடுத்தது? ஓடும் குழந்தைக்கு முன்னால் இரண்டாவது தடவை மிதிக்க நேரம் ஏது?

அடுத்தது, “எண்ணெய் ஊற்றிக்கொள்”. பிரேக் கட்டை தேயத் தேய எண்ணெய் மிகச் சிறிதளவு தாழ்வது இயல்பு. வாராவாரம் குறைவது இயல்பல்ல. குறைந்த எண்ணெய் ஆவியாகிவிடவில்லை, எங்கோ ஒழுகியிருக்கிறது. சக்கரத்தின் உட்புறம் பாருங்கள்: ஈரமாக இருந்தால் வீல் பம்பு. சட்டத்தை ஒட்டிப் போகும் இரும்புக் குழாயைத் தடவுங்கள். உரமும் சேறும் பட்ட இடத்தில் துரு தின்றிருக்கும். எங்கும் ஈரமில்லையா? மாஸ்டர் பம்பு சர்வோவோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே ஒழுகினால் எண்ணெய் சர்வோவுக்குள்ளேயே தேங்கும். தரையில் ஒரு சொட்டும் விழாது.

எண்ணெய் குறையவேயில்லை, ஆனாலும் மிதி தாழ்கிறது என்றால்? மாஸ்டர் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர்க் கப்பு தேய்ந்து, எண்ணெய் கப்பைத் தாண்டிப் பின்னுக்குப் போகிறது. சந்தேகமிருந்தால் மெக்கானிக் பம்பிலிருந்து போகும் குழாய்களைக் கழற்றி, அந்தத் துவாரங்களைத் திருகாணியால் அடைத்து மிதித்துப் பார்க்கட்டும். கல்லாக நின்றால் கோளாறு கீழே. அப்போதும் இறங்கினால் பம்பு போய்விட்டது. தீர்ந்தது விவகாரம்.

ரப்பர்க் கப்பு! ஒரு காலத்தில் ஆங்கிலேய வண்டிகளில் அந்தக் கப்பு இயற்கை ரப்பரால் ஆனது. இன்று செயற்கை ரப்பர். எதுவானாலும் விரல் நுனியில் நிற்கும் சின்னஞ்சிறு பொருள். ஒரு செட்டின் விலை ஒரு டயர் விலைக்குக் கிட்டவும் வராது. பரம்பரை பரம்பரையாக உலகத்துக்கு ரப்பர் கொடுத்த மக்கள், ஒரு துண்டு ரப்பர் மாற்றப்படாததால் காண்டாவில் கிடக்க வேண்டுமா?

“வண்டி பழசு” என்ற சமாதானத்தையும் நாம் ஒப்பமாட்டோம். பழைய வண்டிக்கு அதிகக் கவனிப்பு வேண்டும் என்பதல்லவா அதன் பொருள்! பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 என்ற தரம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. தண்ணீர் குடித்த பின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. தாப்பாவிலிருந்தும் சிம்பாங் பூலாயிலிருந்தும் கேமரன் மலைக்குப் போய் இறங்குகிறவர்களுக்கு, பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சக்கரம் எப்படிக் காயும் என்று தெரியும். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி. ஆவி இருந்தால் மிதி பஞ்சு. மேட்டுத் தோட்டத்துப் பாதையும் அப்படியே. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எண்ணெய் மாற்ற என்ன கஷ்டம்? எஞ்சின் எண்ணெயைத் தவறிக்கூட அதில் ஊற்றக் கூடாது; எல்லாக் கப்புகளும் ஊதிப் போகும்.

பட்டறைத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய பம்பில் காற்று எடுக்கும்போது மிதியைத் தரைவரை மிதிக்கச் சொல்லாதீர்கள். தினசரி கப்பு போகாத ஆழத்தில் சிலிண்டர் துருவேறிச் சொரசொரப்பாக இருக்கும்; அங்கே தள்ளப்பட்ட கப்பு கிழிந்துவிடும். மிதிக்கடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். “நேற்றுத்தான் காற்று எடுத்தோம், இன்று இன்னும் மோசம்” என்ற புலம்பலுக்குப் பல சமயம் இதுவே காரணம்.

பத்து நிமிடத்தில், கருவி இல்லாமல், ஒரு பாதத்தால் கண்டுபிடிக்கக்கூடிய ஆபத்து இது. ஆகவே “எங்களுக்குத் தெரியாது” என்று எந்த நிர்வாகமும் சொல்ல முடியாது. 2025 ஜூன் 9ல் கிரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் பல்கலைக்கழக மாணவர் 15 பேர் மாண்டனர். பெரிய பேருந்தின் காற்றுப் பிரேக் வேறு, நம் பிக்கப்பின் பிரேக் வேறு. அந்த விபத்துக்குக் காரணமும் ஒன்றல்ல. ஆனால் அன்று அரசாங்கம் டிரைவரோடு நிற்கவில்லை. பேருந்தை நடத்தியவர்களின் உரிமமும் பறிபோயிற்று. நெடுஞ்சாலைக்கு ஒரு நியாயம், தோட்டத்துச் செம்மண் பாதைக்கு ஒரு நியாயமா?

சட்டம் இல்லாமலில்லை. 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஏ பிரிவு, உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணமிருந்து, முதலாளி அதை நீக்கவும் தவறினால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்கிறது. அதற்காக அவரைப் பழிவாங்கவும் கூடாது. கடமை தவறும் முதலாளிக்கு அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டிருக்கிறது. ஆகவே டிரைவர் தோழர்களே, மிதி தாழ்ந்தால் முதலில் தெரிவியுங்கள், எழுத்தில் தெரிவியுங்கள், ஒரு நகல் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். வாய்ச்சொல் காற்றோடு போகும்.

“அடிபட்டால் பெர்க்கேசோ இருக்கிறதே” என்று சொல்லும் கனவான்களும் உண்டு. 1969ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, அந்த உதவிக்கு உரிய தொழிலாளி வேலையில் அடிபட்டதற்கு முதலாளி மேல் நட்ட ஈட்டு வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. காசு நிதியிலிருந்து வரும். கப்பு மாற்றாதவர் கணக்கில் ஒரு சென்னும் குறையாது. அவர்களுக்குப் பெர்க்கேசோ இனிக்காமல் என்ன செய்யும்?

நாம் கேட்பது பெரிதல்ல. ஆள் ஏற்றும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு புத்தகம். காலையில் டிரைவர் அரை நிமிடம் மிதித்துப் பிடித்துப் பார்த்து அதில் எழுதுவார். கீழே மானேஜரோ காண்டிராக்டரோ கையெழுத்திட வேண்டும். மிதி தாழ்கிறது என்று எழுதிய நாளில் அந்த வண்டியில் ஆள் ஏறக் கூடாது. அன்றைய சம்பளமும் வெட்டக் கூடாது. அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். கையெழுத்திட மறுப்பவர் என்ன காரணம் சொல்கிறார் என்பதை ஒரு வரி விடாமல் நமக்கு எழுதி அனுப்புங்கள், வெளியிடுவோம்.